முயல் கூண்டுக்கு அடியில் சுண்ணாம்புத் தடம்... நோயா, இயல்பா?

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: ''எங்கள் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருடமாக ஒரு வெள்ளை முயல் (பெட்டை) வளர்க்கிறாள். ஒரு மாதமாகக் கூண்டுக்கு அடியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளையாகப் படிகிறது. இடையில் இரண்டு நாள் செங்காவி நிறத்தில் மூத்திரம் போனது. நான்கு நாளாக ஒரே இடத்தில் குந்தி, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறது. பின்னங்கால் உள்பக்கம் எப்போதும் ஈரம். முடி கொட்டித் தோல் சிவந்துவிட்டது. அகத்தி, முருங்கைக்கீரை, குதிரைமசால் மூன்றையும் தாராளமாகக் கொடுக்கிறோம். குடிக்க ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். 'தண்ணியைக் குறைச்சா மூத்திரம் நின்னுடும்' என்று ஒருவர் சொன்னதால் இரண்டு நாளாக அரைக் கிண்ணம்தான் வைக்கிறோம். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா? 'முன்னூறு ரூபாய் முயலுக்கு ஆயிரக்கணக்கில் செலவா?' என்கிறார் வீட்டுக்காரர். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?''

- ஒரு வாசகி, கொடுமுடி.

பதில்: ''சகோதரி, முதலில் எழுந்து போய்த் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளிலேயே ஆபத்தானது தண்ணீரைக் குறைப்பதுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, முக்கிச் சொட்டுவதும் தொடை ஈரமாகவே இருப்பதும் வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலையைத் தாண்டிவிட்ட அறிகுறிகள். இந்த இதழ் கைக்கு வந்ததும் முயலை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தீனியைத் தொடாமல் அரை நாள் கிடந்தாலோ, மூத்திரம் அடியோடு நின்றுவிட்டாலோ மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

எது இயல்பு, எது நோய்?

முயலின் மூத்திரம் நம்முடையது போலத் தெளிவாக இருக்காது. கலங்கலாக, காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் படிவது நல்ல முயலுக்கும் உண்டு. எனவே வெள்ளைத் தடத்தை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

செங்காவி நிறமும் அப்படித்தான். சில தழைகளைத் தின்றபின் அவற்றிலுள்ள நிறமிகளால் ஓரிரு நாள் ஆரஞ்சு, செம்பழுப்பு நிறத்தில் போகும். நிறம் முழுக்க ஒரே சீராக இருந்து, முயல் துள்ளலாகத் தின்றுகொண்டிருந்தால் பெரும்பாலும் நிறமிதான். வெள்ளை மூத்திரத்தின் நடுவே சிவப்புத் திட்டு, கட்டி, கடைசியில் மட்டும் சிவப்பு என்றால் ரத்தமாக இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மனிதர்களுக்கு மூத்திரம் சோதிக்கும் பட்டையைக் கொண்டே மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

உங்கள் முயல் பெட்டை என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டை முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல் கருப்பையில் கட்டி வருவது அதிகம். அதன் ரத்தமும் மூத்திரத்தோடு கலந்து வரும். 'மூத்திரத்தில் ரத்தம்' என்று வருகிற பெட்டை முயலில் சில சமயம் சிறுநீர்ப்பையில் கோளாறே இருக்காது. மருத்துவரிடம் வயதைச் சரியாகச் சொல்லுங்கள்.

வெள்ளை மூத்திரம் மாவு கரைத்தது போலவோ பற்பசை போலவோ கெட்டியாக வருவது, முக்குவது, பல்லை நறநறவென்று கடிப்பது, கூன் போட்டு உட்காருவது, தொடை நனைவது, எடை குறைவது... இவைதான் நோயின் அறிகுறிகள்.

சுண்ணாம்பு ஏன் சேர்கிறது?

மாடு, நாய், மனிதன் எல்லாம் உடலுக்கு வேண்டிய அளவு சுண்ணாம்புச்சத்தை மட்டும் குடலில் உறிஞ்சிக்கொண்டு, மீதியைச் சாணத்தோடும் மலத்தோடும் தள்ளிவிடும். முயலின் உடல் வேறு மாதிரி. தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றும். மற்ற விலங்குகளின் சிறுநீரகம் வடிகட்டும் சுண்ணாம்பில் நூற்றுக்கு 2 பங்குக்கும் குறைவாகத்தான் மூத்திரத்தில் விடும். முயலில் அது 45 முதல் 60 பங்கு வரை. இவ்வளவையும் கழுவிக்கொண்டு போகத் தண்ணீர் வேண்டாமா? வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடும்போது வண்டல் தங்காது. ஓட்டம் குறைந்தால் படிந்து மேடாகும். காலிங்கராயன் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையிலும் இதே கதைதான். முதலில் சேறு, அது இறுகினால் கல். உங்கள் வீட்டில் தண்ணீரைக் குறைத்தபோது ஓட்டத்தைத்தான் குறைத்திருக்கிறீர்கள்.

இனி தீனிக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி 100 கிராம் அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையில் 440. முட்டைக்கோஸில் 39 மட்டுமே. குதிரைமசாலும் சுண்ணாம்பு மிகுந்த தீவனம். பால் மாட்டுக்கும் வளரும் முயல் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய் முயலுக்கும் அது நல்லது. வளர்ச்சி முடிந்து கூண்டில் சும்மா இருக்கிற முயலுக்கு மூன்றையும் தினமும் தாராளமாகக் கொடுத்தால் சுமை முழுவதும் சிறுநீரகத்தின் தலையில்தான். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறீர்கள். மனம் வருந்த வேண்டாம்.

ஆனால் கால்சியம் ஒன்றே காரணம் என்றும் நினைக்காதீர்கள். ஒரே தீனியைத் தின்னும் பத்து முயல்களில் ஒன்றிரண்டுக்குத்தான் இந்த நோய் வரும். குறைவாகத் தண்ணீர் குடிப்பது, ஓட இடமில்லாத சிறு கூண்டு, அதிக எடை, காலில் புண், முதுகுத்தண்டு வலி இவற்றால் மூத்திரத்தை அடக்கி வைத்திருப்பது, கிருமித் தொற்று எல்லாம் சேரும்போதுதான் சேறு படிகிறது. முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவதும் இதில் ஒன்று. அது உதறிக்கொள்ளும்போது இடுப்புப் பக்கத் தண்டெலும்பு முறிந்து, மூத்திரத்தைக் கட்டுப்படுத்தும் சக்தியே போய்விடலாம். ஒரு கையை மார்புக்கு அடியிலும் இன்னொரு கையைப் புட்டத்துக்கு அடியிலும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் எக்ஸ்ரே. முயலின் கல்லும் சேறும் சுண்ணாம்பு என்பதால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். சேறு மட்டும் என்றால் தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிமருந்து கொடுத்து, தேவைப்பட்டால் மயக்கத்தில் வைத்துச் சிறுநீர்ப்பையைக் கழுவி விடுவார்கள். கல் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சைதான், மருந்தால் கரையாது. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். எக்ஸ்ரே, அறுவை சிகிச்சை தேவை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முயல் பார்க்கும் மருத்துவர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

போகும்போது காற்றோட்டமுள்ள கூடையில், அடியில் துண்டு விரித்து, காலை வெயிலுக்கு முன் கொண்டு போங்கள். வழியில் தின்னப் புல்லும் போடுங்கள். முயலை வெறும் வயிற்றோடு கொண்டு போகக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன்புகூட மாடு, நாய் போல முயலைப் பட்டினி போடுவதில்லை.

செய்யக் கூடாதவை

வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்டீர்கள். மனிதர்களுக்கு அதிகம் வருவது கால்சியம் ஆக்சலேட் கல். முயலுக்குப் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இரண்டும் ஒன்றல்ல. வாழைத்தண்டு முயலின் கல்லைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேலும் விருப்பமில்லாத முயலின் வாயில் சாற்றை ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். சிறுபீளை, நெருஞ்சில் கஷாயத்துக்கும் இதே பதில்தான்.

மெடிக்கலில் கேட்டு வாங்கி மாத்திரை கொடுக்காதீர்கள். மனிதர்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு இறந்துவிடும்.

நம்முடையது மஞ்சள் விளைகிற பூமி. எந்தப் புண்ணைப் பார்த்தாலும் மஞ்சளைக் குழைத்துப் பூசக் கை போகும். ஈரமான தொடையில் பூசினால் முடியோடு அப்பிக்கொண்டு புண் மூச்சு முட்டும், முயலும் நக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். முழுதாகக் குளிப்பாட்ட வேண்டாம். காலை, மாலை இரு வேளையும் முடியை விலக்கிப் பாருங்கள். மூத்திர வாடைக்கு ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். மூத்திர நோயைவிட வேகமாக முயலைக் கொல்வது அந்தப் புழுதான். ஒரு புழு கண்ணில் பட்டாலும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஈ மருந்து எதையும் முயல் மேல் அடிக்காதீர்கள்.

இனி தினசரி பராமரிப்பு

தண்ணீர்: முயல் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கும். இரண்டரைக் கிலோ முயலுக்குக் கால் லிட்டர் சாதாரணம். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். நிப்பிள் பாட்டிலைவிட, கவிழாத கனமான மண்சட்டியில் வைத்தால் அதிகம் குடிக்கும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தால் முயல் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் அதையே வையுங்கள். கீரையை அலசி, ஈரத்தோடு போட்டால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

தீனி: பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்கட்டும். நம் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல் முயலுக்கு அருமையான தீனி. அதை நிழலில் காயவைத்துக் கட்டித் தொங்கவிட்டால் நாள் முழுக்கக் கொறிக்கும். பல்லும் தேயும், குடலும் ஓடும். அறுகம்புல், கம்பு நேப்பியர் புல்லும் கொடுக்கலாம். பூச்சிமருந்து தெளித்த வரப்பில் அறுக்காதீர்கள். அகத்தி, குதிரைமசாலை நிறுத்துங்கள். முருங்கையும் இப்போதைக்கு வேண்டாம். கொத்தமல்லித்தழை, முள்ளங்கி இலை போன்றவற்றை மாற்றி மாற்றி ஒரு கைப்பிடி போடலாம். குச்சித் தீவனம் கொடுத்தால் நாளுக்கு இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். எந்த மாற்றத்தையும் ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்யுங்கள். கால்சியத்தை அடியோடு ஒழித்துவிடவும் கூடாது. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். நல்ல புல்லில் போதுமான அளவு இருக்கிறது.

நடமாட்டம்: காலையும் மாலையும் ஒரு மணி நேரமாவது வாசலில் ஓட விடுங்கள், நாய் வராமல் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடுகிற முயலின் சிறுநீர்ப்பையில் சேறு தேங்குவது குறையும். கூண்டின் அடியை தினமும் உலர்வாக வையுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. அவர் கேட்டதில் தப்பில்லை. மஞ்சள் விலையைப் பார்த்துச் செலவு செய்கிற குடும்பத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். எக்ஸ்ரே எடுத்தபின், சேறா, கல்லா, கருப்பைக் கட்டியா என்பதையும், ஆகிற செலவையும், பிழைக்கும் வாய்ப்பையும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அதன்பின் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுங்கள். சேறு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் தண்ணீரும் புல்லும் மாறினாலே நிலைமை தேறும். அறுவை சிகிச்சை முடியாது என்று முடிவானாலும், வலியில்லாமல் வைத்திருக்க மருத்துவரால் முடியும். வலியோடு மூலையில் போட்டுவிடுவது மட்டும் வேண்டாம். மூன்று வருடம் தினமும் அதற்குப் புல் பறித்துப் போட்டது உங்கள் மகள். முடிவு எதுவானாலும் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

அவளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். ஒரு நோட்டில் தினமும் எவ்வளவு தண்ணீர் வைத்தோம், எவ்வளவு மீதி, மூத்திரம் என்ன நிறம் என்று எழுதட்டும். வாரம் ஒரு முறை மளிகைத் தராசில் எடை பார்க்கட்டும். அந்த நோட்டு மருத்துவருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும்.''

கேள்வி: ''இருபது முயல் வைத்திருக்கிறேன். மாட்டுக்கு வாங்கும் தாது உப்புக் கலவையையே முயல் தீவனத்திலும் கலக்கிறேன். சரியா?''

- ஒரு வாசகர், சிவகிரி.

பதில்: ''சரியில்லை. மாட்டுக் கலவை பால் சுரக்கும் மாட்டின் தேவைக்காகச் செய்யப்பட்டது. அதில் சுண்ணாம்பு அதிகம். முயலுக்கான அடர் தீவனத்தில் ஏற்கெனவே தாது உப்பு சேர்த்திருப்பார்கள். அதன்மேல் இதையும் போட்டால் மேலே சொன்ன கதைதான். தீவன மூட்டையில் கால்சியம் அளவைப் படித்துப் பாருங்கள். கூண்டுகளுக்கு எண் போட்டு, அடித் தட்டில் எந்த எண்ணுக்குக் கீழே கெட்டியான வெள்ளைப் படிவு என்று வாரம் ஒரு முறை பாருங்கள். அந்த முயலைத் தனியே கவனித்தால் போதும். பல முயல்களுக்கு ஒரே சமயத்தில் வந்தால் தீவனத்திலும் தண்ணீரிலும்தான் கோளாறு. நிப்பிள் குழாயில் உப்புப் படிந்து அடைத்திருக்கிறதா என்று முதலில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.''

(கேள்வி அனுப்புகிறவர்கள் கால்நடையின் வயது, ஆணா பெண்ணா, தினசரித் தீனி, குடிக்கும் தண்ணீர் ஆகியவற்றைக் கொடுமுடி வாசகியைப் போல விவரமாக எழுதுங்கள். பதில் சொல்ல அதுதான் உதவும். அவசரம் என்றால் இதழுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.)