தட்டில் செத்த கிருமி

வேப்பிலைச் சாறு பல் சொத்தைக் கிருமியைக் கொல்கிறது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. செய்தி பொய்யில்லை. அகார் கூழ் பரப்பிய தட்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவைத் தடவுகிறார்கள். சாற்றில் நனைத்த பொட்டளவு காகித வில்லையை அதன்மேல் வைத்து, உடல் சூட்டில் ஒரு நாள் விடுகிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரிந்தால் மில்லிமீட்டரில் அளந்து குறிக்கிறார்கள். சாற்றை எத்தனாலில் இறக்கியிருந்தால், வெறும் எத்தனால் தொட்ட வில்லை ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொன்றது இலையா, எத்தனாலா என்றே தெரியாது. அந்த வளையத்திலிருந்து பற்பசை விளம்பரத்துக்கு ஒரே தாவாகத் தாவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் வாய் அந்தத் தட்டு அல்ல. அங்கே ஏறக்குறைய 700 வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையைக் கொண்டே மியூட்டன்ஸ் ஒரு பிசினைச் செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. மற்றவையும் சேர்ந்து படலமாகின்றன. படலத்துக்குள் சுரக்கும் அமிலத்தால் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, படலத்தில் பதுங்கியதை அசைப்பதில்லை. பல மடங்கு தேவைப்படுகிறது. தட்டில் சாற்றுக்கு ஒரு நாள் அவகாசம். வாயிலோ இரண்டு நிமிடம், பிறகு எச்சில் கழுவிவிடுகிறது.

அப்படியானால் மூலிகையே வீணா? இல்லை. 1879இல் வந்த வாய் கொப்பளிப்பு மருந்தான லிஸ்டரினில் வேலை செய்பவை தைமால், மெந்தால், யூகலிப்டால், மெத்தில் சாலிசிலேட். தைமால் நம் ஓமத்தில் இருப்பது. மெந்தால் புதினா இனத்தது. ஈறு வீக்கத்துக்கும் பற்படலத்துக்கும் எதிராக லிஸ்டரின் பயன்படும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1987இல் ஏற்றது. மாதக்கணக்கில் மனிதர்களிடம் நடந்த சோதனைகளுக்குப் பிறகுதான். கிராம்பின் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல் மருத்துவர்கள் வெகுகாலமாக வைத்துவருகிறார்கள். மூலிகையின் அருமையை நவீன மருத்துவம் மறைக்கிறது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? எந்தப் பொருள், எவ்வளவு என்று தெரிந்தபின் யாரும் தடுக்கவில்லை. மூலிகைக்கு இன்னும் தேவையும் இருக்கிறது: கொப்பளிக்கத் தரும் குளோர்ஹெக்சிடின் பல்லில் கறை ஏற்றும், நாக்கின் ருசியைக் கெடுக்கும், மாதக்கணக்கில் கொப்பளிக்க முடியாது.

பாட்டன் காலத்தில் வேப்பங்குச்சிதானே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நுனியை மென்று நாராக்கித் தேய்க்கும்போது நாரே படலத்தைச் சுரண்டிவிடுகிறது. சாற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்றைய அளவுக்கு அன்று சர்க்கரையும் இல்லை. மிஸ்வாக் என்ற பல்குச்சியை உலக சுகாதார நிறுவனம் 1986இல் ஊக்குவித்த பிறகும், 2000இல் வந்த பன்னாட்டு அறிக்கை ஒன்று மேலும் ஆய்வு வேண்டும் என்றே முடித்தது. கெடுதலாவது இல்லையே என்பது இன்னும் பலவீனமான வாதம். வட அமெரிக்கச் செடியான பிளட்ரூட்டின் சாறு சேர்த்த பற்பசைக்கும் வாயில் தோன்றிய வெண்திட்டுகளுக்கும் தொடர்பிருக்கிறது என 1999இல் ஆய்வு வந்தது. பிறகு அந்தச் சாற்றை நீக்கினார்கள். இந்தியாவில் பற்பொடியில் புகையிலை சேர்ப்பதற்குத் தடை வந்ததே 1992இல்தான். புகையிலையும் இலைதான்.

என் கவலை வேம்பு பேஸ்ட்டில் இருப்பதைப் பற்றியது அல்ல, அதில் பலவற்றில் இல்லாத ஃப்ளோரைடைப் பற்றியது. சொத்தையைக் குறைக்கிறது என்று நன்கு நிரூபணமானது அதுதான்; 2021இல் ஃப்ளோரைடு பற்பசை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லைக் கெடுப்பதே ஃப்ளோரைடுதானே என்பார்கள். அது ஆண்டுக்கணக்கில் நிலத்தடி நீரோடு விழுங்கியது. தேய்த்துத் துப்புவது வேறு கணக்கு. சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்கிவிடுவார்கள். மூன்று வயதுவரை அரிசி அளவும், ஆறு வயதுவரை பட்டாணி அளவும் பிதுக்கிக் கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும்.