இலுப்பைப்பூவுக்கு ஒரு நியாயம்

சென்ற ஆண்டு ஒரு பாடசாலைத் தமிழ் விழாவுக்கு வரவிருந்த பேராசிரியர் வரவில்லை. அவருடைய இடத்திலே என்னைப் பேசும்படி கேட்டார்கள். அறிமுகஞ் செய்த தலைவர், "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்றார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும், வீடு திரும்பும் வழியெல்லாம் என் சிந்தனை அப்பூவின் மீதே சென்றது. அப்பழமொழி எனக்கு இழைத்தது சிறு குறும்பு. பூவுக்கு இழைப்பதோ பெரும் அநீதி.

இலுப்பை எமக்கு அந்நிய மரமன்று. மன்னாரிலே இலுப்பைக்கடவை என்று ஓர் ஊரே உண்டு. இலுப்பெண்ணெயால் எம் முன்னோர் கோயில் விளக்கேற்றினர். பூவை மட்டும் கரும்பில்லாத குறைக்கு வந்த பதிலாள் என்று எண்ணிவிட்டோம்.

மத்திய இந்தியாவிலே கோண்டர் முதலிய பழங்குடி மக்களிடம் இதன் நிலை வேறு. அங்கு வளர்வது எமது இலுப்பைக்கு மிக நெருங்கிய இனம், மஹுவா என்பர். பங்குனி, சித்திரை மாதங்களிலே அம்மரத்தின் பூக்கள் விடியற்காலையில் உதிரும். பெண்களும் சிறுவரும் கூடையோடு சென்று அவற்றைப் பொறுக்குவர். சதைப்பற்றுள்ள அப்பூக்கள் வெயிலிற் காய்ந்து, முந்திரிகை வற்றல் போலக் கபில நிறமடையும். பஞ்ச காலத்தில் அவ்வற்றலே அவித்துண்ணும் உணவு. விழா வந்தால், அதனை நீரில் ஊறவைத்து, சில நாட் புளிக்கவிட்டு, பானையிலேற்றிக் காய்ச்சி மதுவாக வடிப்பர். பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் அது வேண்டும். முதலிற் சில துளிகள் முன்னோருக்கென நிலத்திற் சிந்தப்படும்; அதன் பின்னரே மனிதர் அருந்துவர்.

நான் மதுவருந்துபவனல்லன், மதுவுக்காக வாதாடவும் முன்வரவில்லை. குடியாற் குடும்பங்கள் அழிவதைக் கண்டவன். ஆனால், இப்பூவின் வரலாற்றிலே ஒரு பாடம் இருக்கிறது. பம்பாய் மாகாணத்திலே ஆங்கில அரசு, 1892ஆம் ஆண்டில், இப்பூவைச் சேர்த்து வைப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றியது. மக்களின் நலமே நோக்கமென்று கூறப்பட்டாலும், மதுவரி வருமானமும் அதன் பின்னே நின்றது. காட்டிலே தானாக உதிர்ந்த பூவைப் பொறுக்கியவர் குற்றவாளியாகும் நிலை வந்தது.

காலம் மாறிற்று. 2021ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச அரசு அதே மதுவைப் 'பாரம்பரிய மது' என்று விற்பதற்கு வழிசெய்யப் போவதாக அறிவித்தது. இன்று நகரத்து மதுச்சாலைகளிலே, தேசிக்காய்ச் சாறும் தேனும் சேர்த்து, விலையுயர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தில் 'காக்டெயில்' என்ற பெயரோடு அது விருந்தினர் முன் வருகிறது. பூ அதே பூ. மணமும் அதே மணம். பரிமாறும் கை மாறியவுடன் இழிவு பெருமையாகி விட்டது! விடியலிற் குனிந்து பொறுக்கிய பெண்ணுக்கு அப்பெருமையிலே பங்கு உண்டா? என் கேள்வி இதுவே.

பொருளின் தகுதியை அதனை உடையவரின் தகுதியால் அளப்பது எமக்கும் பழகிப்போன வழக்கம். எமது பழமொழியும் அவ்வழக்கத்துக்கு உடந்தையாக நிற்கிறது. ஆசிரிய அன்பர்களே, அடுத்த முறை அதனை வகுப்பிலே விளக்கும்போது, 'தகுந்தது கிடையாதவிடத்துத் தாழ்ந்தது' என்று பொருள் கூறுவதோடு நின்றுவிடாதீர்கள். அப்பூவையே முழுவிருந்தாகக் கொண்ட மக்களும் உளர் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் அதனை மறக்கமாட்டார்கள்.