எலி சேர்த்த ஆவணம்

எலி என்றதும் நமக்குப் பொறியும் பாஷாணமும்தான் நினைவுக்கு வருகின்றன. வட அமெரிக்காவின் பாலைகளிலும் மலைகளிலும் வாழும் நியோடோமா பேரினத்துக் காட்டெலிக்கும் அங்கே நல்ல பெயர் இல்லை. கண்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு போகும் திருடன் என்பார்கள். பண்டமாற்று எலி என்றும் ஒரு பெயர் உண்டு. வாயில் கவ்விய குச்சியைப் போட்டுவிட்டு, கண்ணில் பட்ட கரண்டியை எடுத்துச் செல்லுமாம். (இதில் வணிக நேர்மை ஏதுமில்லை, ஒரு வாயால் எத்தனைப் பொருளைத் தூக்க முடியும்?)

இலை, முள், விதை, எலும்பு என்று கிடைப்பதையெல்லாம் பாறை இடுக்கில் குவிக்கிறது. அந்தக் குவியலின் மீதே சிறுநீரும் கழிக்கிறது. வறண்ட காற்றில் அது கருந்தேன் நிறப் பிசினாக இறுகி, உள்ளிருப்பதைப் பூட்டிவிடுகிறது. ஓர் எலி இறந்தால் இன்னொன்று குடியேறி வேலையைத் தொடர்கிறது. இடையே பூச்சிகளும் பல்லிகளும் ஒண்டிக்கொள்கின்றன. 1849-இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டமொன்று, நெவாடாவில் இப்பிசினை ஏதோ மிட்டாய் என்றெண்ணித் தின்று குமட்டலால் அவதிப்பட்டது.

1964-இல் பிலிப் வெல்ஸ், கிளைவ் ஜார்கென்சன் ஆகிய இருவரும் மொஹாவி பாலைவனக் குவியல்களைப் பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதினர். ஜூனிப்பர் மரமே இல்லாத வறண்ட சரிவுகளில், குவியலுக்குள் ஜூனிப்பர் துணுக்குகள் இருந்தன. சில 40,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. மகரந்தம் காற்றேறி எங்கிருந்தும் வரலாம். எலியோ பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் பொறுக்குகிறது. ஆகவே அது அந்த இடத்து இலையேதான்.

ஆவணம் என்றால் ஏடும் கல்வெட்டும்தான் என்ற நம் எண்ணத்தை இந்த எலி சற்று அசைத்துப் பார்க்கிறது என்றே எனக்குப் படுகிறது. மன்னனின் கொடை கல்லில் ஏறும். அடுப்பில் எரிந்த விறகு ஏறாது. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் பெருமாளிகைகள் எழுப்பிய மக்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அங்கே ஒருகாலத்தில் பின்யான் பைன் வளர்ந்து பிறகு மறைந்ததை எலிக் குவியல்களே காட்டின. அழித்தது மனிதக் கோடரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எலிக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, பிடித்த செடியைத்தான் அதிகம் சேர்க்கும். ஆனால் யாரையும் மகிழ்விக்க அது சேர்க்கவில்லை.

ஆய்வகத்தில் நீரில் ஊறவைத்தால் பிசின் கரைந்து இலைகள் தனியே வந்துவிடும். குகைக்குள் ஒழுகும் மழைநீரும் இதைத்தான் செய்யும், அங்கே எடுத்து வைக்க ஆளிருக்காது. குகையைச் சுத்தம் செய்கிறேன் என்று மண்வெட்டியோடு கிளம்புபவர், வாரிக் கொட்டுமுன் ஒரு தாவரவியலாளரிடம் கேட்கலாம். அடியில் கிடப்பதற்கு மறுபிரதி கிடையாது.