காவலுக்கு வந்தவர் குடியமர்ந்த கதை

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. 1945-ஆம் ஆண்டில் ஜப்பானின் தென்பகுதித் தீவாகிய ஒகினாவாவில் கால்பதித்த அமெரிக்கப் படையோ இன்றளவும் அங்கிருந்து அகலவில்லை. அன்று பகைவராய் வந்தோர் இன்று நண்பராய்த் தங்கியிருக்கின்றனர். நட்பு நாட்டில் ஒரு வல்லரசின் படை ஏன் நிலைகொள்ள வேண்டும்? இதற்குக் கூறப்படும் காரணங்களைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

படை அருகிலிருந்தால் பகைவன் தாக்கத் துணியான் என்பது முதற்காரணம். போர் மூண்டால் மாகடல் கடந்து வரும் காலம் மிச்சமாகும் என்பது இரண்டாவது. அரசமைப்பின் 9-ஆம் பிரிவால் போரைத் துறந்துவிட்ட ஜப்பான் பெரும்படை திரட்டாமலே பாதுகாப்புடன் வாழலாம். அண்டை நாடுகளும் அஞ்ச வேண்டியதில்லை என்பது மூன்றாவது. இவற்றைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. 1949-இல் அமெரிக்கப் படை தென்கொரியாவை விட்டு வெளியேறியது. மறு ஆண்டே வடகொரியப் படை உள்ளே புகுந்தது. அப்போது முதலில் விரைந்து சென்றவை ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைகளே.

ஆயினும், காரணங்கள் மாறிக்கொண்டே இருக்க, படை மட்டும் மாறாதிருப்பதைக் காண்கிறோம். ஒகினாவாவின் கடேனா தளத்திலிருந்து வியட்நாம் மீது குண்டு வீசும் விமானங்கள் பறந்தன. பின்னர்ச் சோவியத் அச்சம் காரணமாயிற்று. 1991-இல் சோவியத் ஒன்றியமே மறைந்தது. 1995-இல் வெளிவந்த அமெரிக்கப் பாதுகாப்புத்துறை அறிக்கையோ கிழக்காசியாவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீரர் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றது. இன்று வடகொரியாவும் சீனாவும் காரணமாகின்றன. நோய் எதுவாயினும் மருந்து ஒன்றே எனின், மருத்துவர் மீது ஐயம் எழாதோ?

காவலின் பயன் நாடு முழுமைக்கும் எனின், பாரம் யாருக்கு? ஜப்பானிய நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 விழுக்காடே. அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான் உள்ளது. 1959-இல் போர் விமானமொன்று மியாமோரி தொடக்கப்பள்ளி மீது விழுந்ததில் 11 சிறார் உட்பட 17 பேர் மாண்டனர். 1995-இல் 12 வயதுச் சிறுமியை அமெரிக்க வீரர் மூவர் சீரழித்தனர். 1960-இன் உடன்படிக்கைப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை அவர்களைத் தன் காவலில் வைக்க ஜப்பானியக் காவல்துறையால் இயலவில்லை. 85,000 மக்கள் திரண்டு குமுறினர். நகர் நடுவேயுள்ள ஃபுடென்மா தளம் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் திருப்பித் தரப்படும் என 1996-இல் வாக்களிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அது வாக்காகவே நிற்கிறது. அதற்கு மாற்றாக ஹெனோகோவில் கடலைத் தூர்த்துத் தளம் அமைப்பதை 2019-இல் வாக்களித்தோரில் 72 விழுக்காட்டினர் எதிர்த்தனர், பணி நிற்கவில்லை.

தளங்களே ஒகினாவாவுக்குச் சோறிடுகின்றன என்பர் சிலர். 1972-இல் ஜப்பானிய ஆட்சிக்குத் திரும்பியபோது தீவின் வருவாயில் சுமார் 15 விழுக்காடு தளங்களால் கிட்டியது. பின்னாளில் அது ஏறத்தாழ 5 விழுக்காடாய்ச் சுருங்கியது. திருப்பித் தரப்பட்ட நிலங்களில் இன்று கடைவீதிகள் செழிக்கின்றன.

படைகள் விலகினால் பகைவர் புகுவர் என்பர் வேறு சிலர். பிலிப்பைன்சின் மேலவை 1991-இல் 12-க்கு 11 என்ற கணக்கில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. மறு ஆண்டு சுபிக் விரிகுடா காலியாயிற்று. சீனாவை அஞ்சி 2014-இல் அதே நாடு அமெரிக்க வீரர்க்கு மீண்டும் இடமளித்ததும் உண்மையே. எனினும் போகச் சொன்னதும் வரச் சொன்னதும் அந்நாட்டின் அரசே. ஒகினாவாவுக்கு அவ்வுரிமை வாய்த்ததா? 1951-இலும் 1960-இலும் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது ஜப்பானிய நாடாளுமன்றத்தில் அத்தீவுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை!

காவல் வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. காக்கப்படுவோரின் இசைவின்றி நிற்பது காவலன்று, ஆட்சி என்றே கூறுகிறோம். அயற்படை தேவையெனத் தோக்கியோ உண்மையாகவே நம்புமாயின், அதன் பாரத்தைத் தன் தோளிலும் ஏற்கட்டும். வீட்டார் போகச் சொன்னால் போகக்கூடியவனே விருந்தினன்.