விண்மீன் வெடிப்பைத் தமிழில் பேசுவோம்

‘நட்சத்திரம்’ என்றதும் நம்மில் பலருக்கு ராசிபலன்தான் நினைவுக்கு வருகிறது. அந்த நட்சத்திரங்கள் எப்படி மடிகின்றன, மடிந்தபின் என்ன ஆகின்றன என்று தமிழில் பேசுவோர் மிகக் குறைவு. இக்குறையைப் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம்தான் போக்க வேண்டும்.

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்ட விண்மீன், எரிபொருள் தீர்ந்ததும் உள்நோக்கிச் சரிந்து வெடிக்கிறது. இதுவே சூப்பர்நோவா. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இத்தகைய விண்மீன்களில் உருவானது. இன்னொரு வகையில், வெண்குறுமீன் ஒன்று தன் துணை விண்மீனின் பொருளை இழுத்துச் சேர்த்து, சூரிய நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கை நெருங்கும்போது வெடிக்கிறது. நம் இரத்தத்திலுள்ள இரும்பில் கணிசமான பகுதி இவ்வகை வெடிப்புகள் தந்ததே.

அந்த 1.4 என்ற எல்லைக்கான கணக்கை 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது போட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர். அப்போது அவருக்கு வயது 19. எடிங்டன் போன்ற பேரறிஞரே 1935இல் அதை மறுத்தார். 1983இல் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வெடிப்புகள் விண்மீன் மண்டலங்களின் போக்கையே மாற்றுகின்றன. வெடிப்பின் அதிர்வலை சுற்றியுள்ள வாயுவை நெருக்கிப் புதிய விண்மீன்கள் பிறக்கத் துணைபுரியலாம்; அதே வாயுவைச் சூடாக்கி வெளியே விரட்டவும் செய்யலாம். ஈர்ப்பு விசை குறைந்த சிறு மண்டலங்கள் இதனால் வாயுவை இழந்து வளர்ச்சி குன்றுகின்றன. நம் பால்வீதி போன்ற பெரிய மண்டலங்களோ அதில் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்கின்றன. அப்படிச் செறிவூட்டப்பட்ட வாயுவிலிருந்துதான் சூரியனும் பூமியும் தோன்றின.

இதைத் தமிழில் சொல்ல முடியாதா? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற நான், இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற்கும் மாறினேன். இன்று என் தம்பிக்கு இவற்றை விளக்க ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியிருக்கிறது. என்னைப் போன்றோர் பலர் உண்டு.

கலைச்சொல் இல்லையே என்பார்கள் சிலர். சூப்பர்நோவா என்றே சொல்வோம். விளக்கம் தமிழில் இருந்தால் போதும். புழங்கப் புழங்கச் சொற்கள் தாமே அமையும்.

பாலிக் புலாவ் வட்டாரத்தில், பந்தாய் ஆச்சேவில் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. பேச்சுப்போட்டிக்கும் கவிதைப்போட்டிக்கும் நாள் ஒதுக்கும் நம் கழகம், ஆண்டுக்கு ஓர் இரவையாவது தமிழ்ப்பள்ளி மாணவர்களோடு வானம் பார்க்க ஒதுக்கலாமே! தொலைநோக்கியைக் கண்டதும் கேள்வி கேட்காத குழந்தை உண்டா? அக்கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போமே!