பிளாஷ்பேக் போதாது

அனிமே ரசிகர்களிடமும், அதைப் பார்த்துக் கதை எழுத உட்காருகிறவர்களிடமும் ஒரு சூத்திரம் உலவுகிறது. வில்லனுக்குக் கண்ணீர் வரவழைக்கும் சிறுவயது ஒன்றைக் கொடு. நாலு நியாயமான வசனம் பேசவிடு. பார்ப்பவர்களில் பாதிப்பேர் அவன் பக்கம் சாய்ந்தால் பாத்திரம் ஆழமாகிவிட்டது. சீரழிந்த எதிர்காலத்தில் நடக்கும் கதையென்றால் இன்னும் சுலபம், பழியை அமைப்பின் தலையில் போட்டுவிடலாம். இந்தச் சூத்திரத்தில் ஒரு வரிகூட நிற்காது என்பது என் கட்சி.

சிறுவயதை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த ‘சைக்கோ-பாஸ்’ தொடரின் மகிஷிமா ஷோகோ எப்படி வளர்ந்தான் என்று தொடர் ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. மனிதரின் மனதை அளந்து குற்றவாளியா என்று தீர்ப்பெழுதும் சிபில் என்ற அமைப்பு அங்கே ஆள்கிறது. காவலர் கையிலுள்ள துப்பாக்கி, அந்த அளவு எல்லை தாண்டினால்தான் சுடும். மகிஷிமா ஒரு பெண்ணை, காவலரான அவள் தோழியின் கண்முன்னே கொல்கிறான்; அப்போதும் அவனுடைய அளவு இறங்கிக்கொண்டே போகிறது, துப்பாக்கி பூட்டிக்கொள்கிறது. சிபிலைப் பற்றி அவன் சொல்வது சரி, அவன் செய்வது கொடூரம். இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வேண்டியவர்கள் நாம். அதற்கு எந்தச் சோகக் கதையும் தேவைப்படவில்லை. எழுதிய கென் உரோபுச்சி இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டியது நல்லதாயிற்று.

நியாயத்தை வசனத்தில் தேடுவதும் வீண். அதற்கு ஜப்பான் வரை போக வேண்டாம், கோட்டைப்பட்டினம் போதும். பாக் நீரிணையின் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். டீசலும் ஐஸும் கடனில் ஏறும். பாடு நன்றாக இருந்தால்தான் படகாளுக்குப் பங்கு. நல்ல விலை போகும் இறால் கடலின் அடியில் இருக்கிறது, இழுவைமடி அந்த அடியையே வாரிக்கொண்டு வருகிறது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து மீனவர்கள் போர்க்காலத்தில் பெரும்பாலும் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள். 2009-க்குப் பிறகு வலை போட்டால், நம் விசைப்படகுகள் அதை அறுத்துக்கொண்டு போகின்றன என்பது அவர்கள் குறை. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகின் நான்கு பேரும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். தப்ப முயன்ற படகு தங்கள் கலத்தில் மோதி மூழ்கியது என்றது இலங்கைக் கடற்படை. இடித்து மூழ்கடித்தார்கள் என்றார்கள் இங்குள்ளவர்கள்.

இந்த மீனவர்களை நான் வில்லன் ஆக்கவில்லை. ஆனால் இந்தக் கடலை இன்னும் எழுபது ஆண்டு தள்ளி வைத்துப் பாருங்கள். மீன் அருகிவிட்டது. ஒரு படகு முதலாளி, காணாமல் போன தன் ஆட்களைத் தேட டீசல் கணக்குப் பார்க்காமல் எல்லாப் படகுகளையும் கிளப்புகிறான். திரும்பும் வழியில், எதிர்க்கரைக்காரன் ஒருவனின் ஒரே வலை அறுபடும் என்று தெரிந்தே மடியை இறக்குகிறான். இந்த முதலாளியின் நியாயம் புரிய அவன் வாயே திறக்க வேண்டாம். 1997-இல் வந்த ‘பிரின்சஸ் மோனோனோகே’யின் எபோஷியும் இந்த ரகம்தான். விலைமாதர் இல்லங்களிலிருந்து பெண்களை மீட்டு வேலை தருகிறாள், தொழுநோயாளிகளின் புண்ணைத் தன் கையால் துடைக்கிறாள், காட்டையும் அழிக்கிறாள்.

ரசிகர்கள் நேசித்தால் வெற்றி என்பதற்குப் பதில் நம் ஊர்த் திருவிழாக்களில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்தன்று மண்ணில் பெரிதாகக் கிடத்திய துரியோதனனுக்கு ஒப்பாரி வைப்பதுண்டு. அழுகிற யாரும் அவன் ஜெயித்திருக்கலாம் என்று நினைப்பதில்லை. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ இதைத் தலைகீழாகச் செய்தது: பலியாகப் போகிற அகதிச் சிறுவன் ராம்ஸிக்கு முகம் கொடுத்தது. அவன் மொழி புரியாமல் விழிக்க, நாயகன் எரன் அவன் முன் அழுது மன்னிப்புக் கேட்கிறான். பிறகு ராட்சத டைட்டன்களை ஏவி அந்தச் சிறுவன் இருக்கும் நிலத்தையும் மிதிக்க வைக்கிறான். எரனின் கண்ணீர் அவனைக் காப்பாற்றவில்லை, இன்னும் மோசமானவனாக்கியது.

கடைசியாக, எல்லாம் அமைப்பின் குற்றம் என்ற வாதம். பாக் நீரிணையிலும் அமைப்பு உண்டு: விசைப்படகை ஒரு காலத்தில் ஊக்குவித்தது அரசு, 2017-இல் அதையே விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போக மானியம் அறிவித்ததும் அரசு. அதற்காக மடியை இழுக்கும் வின்ச்சைச் சுற்றும் கை மறைந்துவிடாது. சிபிலைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இருப்பவை மகிஷிமா போன்றவர்களின் மூளைகள்தான்.

எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வில்லனின் அம்மா எப்படிச் செத்தாள் என்ற அத்தியாயத்தைக் கிழித்துப் போடுங்கள். அவனால் எந்த வீட்டில் உலை ஏறுகிறது, எந்த வீட்டில் ஏறாமல் போகிறது என்று இரண்டு வீடுகளையும் எழுதுங்கள்.