முதலில் ‘கேன்சல்’, மற்றதெல்லாம் பிறகு



தீபாவளி மலர் வேலை தொடங்கியதும் எங்கள் அலுவலகத்துக்குக் கூரியரில் பென் டிரைவ்கள் வர ஆரம்பித்துவிடும். வாட்ஸப்பில் அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும் என்று, பஞ்சில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் மடித்து, கவரின் நான்கு ஓரமும் செல்லோ டேப் ஒட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. அந்த அக்கறைக்கு நன்றி.

இந்த முறை அவற்றுக்கு நடுவே ஒரு கடிதமும் இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேத்தியின் காதுகுத்துப் படங்களும் ஊர்க் கோயில் கும்பாபிஷேக வீடியோவும் ஒரே பென் டிரைவில் இருக்கின்றனவாம். கம்ப்யூட்டரில் செருகினால், ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. பக்கத்துக் கடைத் தம்பி, “ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்மா” என்கிறார். “பண்ணலாமா, சார்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

பண்ணாதீர்கள் அம்மா என்று அன்றே போனில் சொல்லிவிட்டேன். ஆனாலும் இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல என்று தெரியும். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கடைத் தம்பி சொன்னது பொய்யில்லை. ஃபார்மட் செய்தால் பென் டிரைவ் சரியாகத்தான் ஆகும். காதுகுத்துதான் இருக்காது. பென் டிரைவைக் காப்பாற்றுவது ஒரு வேலை, அதற்குள் இருப்பதைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. கம்ப்யூட்டர் தானாக முன்வந்து செய்கிற உதவிகள் பெரும்பாலும் முதல் வேலையைச் சேர்ந்தவை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளைக் காப்பாற்ற, எங்கேயும் வாங்க முடியாததைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒரு படமோ வீடியோவோ பென் டிரைவில் ஒரே இடத்தில் மொத்தமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. காலி கிடைக்கிற இடத்தில் ஒரு துண்டு, இன்னொரு மூலையில் இன்னொரு துண்டு என்று கிடக்கலாம். பத்திரிகையில் கதையைப் பாதியில் வெட்டி ‘தொடர்ச்சி 46-ஆம் பக்கம்’ என்று போடுவோமே, அதே ஏற்பாடுதான். எந்தத் துண்டுக்கு அடுத்த துண்டு எங்கே, எந்த இடத்தில் ‘முற்றும்’ என்கிற குறிப்புகளை மட்டும் தனியாக எடுத்து, டிரைவின் தொடக்கப் பகுதியில் ஒரு அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். 1977-இல் மைக்ரோசாஃப்ட்டில் மார்க் மெக்டொனால்டு எழுதிய ‘ஃபேட்’ என்ற முறை இது. அன்றைக்கு அது ஃபிளாப்பிகளுக்காக எழுதப்பட்டது. 1996-இல் அதன் ஃபேட்32 வடிவம் வந்தது. டிவி, கார் ஸ்டீரியோ, ஜெராக்ஸ் கடை மெஷின் எல்லாமே அதைப் படிக்கும் என்பதால் இன்றும் அதைக் கைவிட முடியவில்லை.

(இதே ஃபேட்32-இல் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு ஃபைலை வைக்க முடியாது. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் கல்யாண வீடியோ ஏறவில்லை என்றால் காரணம் இதுதான். டிரைவ் கெட்டுப்போகவில்லை. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறிவிடும். பழைய டிவி அதைப் படிக்குமா என்பது வேறு கதை.)

ஒரு படத்தை ஏற்றும்போது மூன்று இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது. படத்தையே எழுத வேண்டும், தொடர்ச்சி அட்டவணையில் குறிக்க வேண்டும், ஃபைலின் பெயரையும் அளவையும் ஃபோல்டர் பட்டியலில் சேர்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் பென் டிரைவைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு ஒத்துவராமல் போய்விடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துவிட்டுத்தான் செய்வார்கள். பாதியில் நின்றாலும் பதிவேட்டைப் பார்த்துச் சீராக்கிக்கொள்ளலாம். ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் அந்த வசதி கிடையாது. ஃபேட்32 தன் அட்டவணைக்கு இன்னொரு நகலாவது வைத்துக்கொள்கிறது. எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக அதுவும் இல்லை.

“காப்பி ஆகி முடிந்த பிறகுதானே எடுத்தேன்” என்று பலர் சொல்வார்கள். திரையில் பச்சைக் கோடு முடிவதும் பென் டிரைவில் எழுதி முடிவதும் எப்போதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. வேகத்துக்காகக் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் கொஞ்சம் நிறுத்திவைத்துக்கொண்டு பிறகு எழுதும். 2018-இன் விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து செருகும் டிரைவ்களுக்கு இந்தப் பழக்கத்தை மைக்ரோசாஃப்ட் குறைத்துவிட்டது. லினக்ஸும் மேக்கும் அப்படியில்லை. ‘இஜெக்ட்’ கொடுத்துவிட்டு எடுப்பதில் நமக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

ஆகவே ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்ற கேள்விக்கு உண்மையான பொருள், ‘அட்டவணை எனக்குப் புரியவில்லை, வெறும் அட்டவணை ஒன்றைப் புதிதாக எழுதிக்கொள்ளட்டுமா?’ என்பதுதான். படங்கள் அநேகமாக அவை இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் உண்டு. ‘கேன்சல்’ அழுத்துங்கள். தவறிப்போய் மற்றதை அழுத்திவிட்டாலும் பதற வேண்டாம். அளவு, பெயர் எல்லாம் கேட்கும் இன்னொரு ஜன்னல் திறக்கும், அதையும் மூடிவிடலாம். அந்த ஜன்னலை எழுதியவர் டேவ் பிளம்மர் என்ற பொறியாளர். 1994-இன் கடைசியில் ஒரு மழைநாள் காலையில், நல்லது வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக எழுதியதாம் அது. 2024-இல் அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். உலகத்தில் பாதிப் பேரின் கல்யாண ஆல்பம் இன்னமும் அந்தத் தற்காலிக ஜன்னல் வழியாகத்தான் காணாமல் போகிறது!

ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அந்த ஜன்னலில் ‘குயிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். அப்படிச் செய்திருந்தால் அட்டவணை மட்டுமே மாறியிருக்கும், உள்ளடக்கம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்திருந்தால் டிரைவ் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதியிருக்கும். அதற்கு மருந்து இல்லை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர்களுக்குப் பதிலாக, மூலையில் வளைந்த அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்கள் நின்றால் அது வைரஸ் வேலை. அட்டவணைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவைத்துவிட்டு, அதே பெயர்களில் தன்னைத் திறக்கும் ஷார்ட்கட்களை அது வைத்திருக்கும். அவற்றைச் சொடுக்காதீர்கள். ஆன்டிவைரஸ் ஓடவிட்டு, ‘அட்ரிப்’ கட்டளையால் மறைவை நீக்கினால் எல்லாம் பத்திரமாக வெளியே வரும். இதற்குப் போய் ஃபார்மட் செய்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ!

நிஜமாகவே அட்டவணைதான் கெட்டிருக்கிறது என்றால், முதலில் வேறு போர்ட்டில், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டைவிடப் பின்பக்க போர்ட்டை நம்பலாம். பிறகு ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, டிரைவின் அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு சரியாக வந்து, பக்கத்தில் ‘ரா’ என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. ‘நோ மீடியா’ என்றோ பூஜ்ஜியம் என்றோ வந்தால் கோளாறு உள்ளே இருக்கும் சிப்பில். எந்த மென்பொருளாலும் அதைத் தொட முடியாது, தரவு மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும். ‘ரைட் புரொடெக்டட்’ என்று அடம்பிடித்தால் சிப் தன் வயதை உணர்ந்து எழுதுவதை நிறுத்திக்கொண்டிருக்கலாம். அது நல்லதுதான். படிக்க விடுகிறவரை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி, பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். சரிசெய்யத் தொடங்குமுன் பென் டிரைவை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டுவரை அப்படியே ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிட வேண்டும். 64 ஜிபி டிரைவில் பத்து ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் நகலுக்கு 64 ஜிபி இடம் வேண்டும். லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ இதைப் பொறுமையாகச் செய்யும். நல்ல பகுதிகளை முதலில் படித்து முடித்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். விண்டோஸ்காரர்கள் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளிலேயே நகல் எடுக்கலாம். இனிச் செய்யும் பரிசோதனை எல்லாம் நகலின் மேல்தான். என்ன சொதப்பினாலும் மூலம் அப்படியே இருக்கும்.

டெஸ்ட்டிஸ்க்கையும் அதன் துணையான ‘ஃபோட்டோரெக்’கையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டுக்கும் காசு கிடையாது. டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் முதல் பகுதியில் இருக்கும். ஃபேட்32 அதற்கு ஒரு நகலை 6 என்ற எண்ணுள்ள செக்டாரில் ஒளித்துவைத்திருக்கிறது. மூலம் மட்டும் கெட்டிருந்தால் அந்த நகலை எடுத்து முன்னால் எழுதிவிடும் டெஸ்ட்டிஸ்க். ஃபோல்டர், பெயர் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். அதற்கும் வழியில்லை என்றால் ஃபோட்டோரெக். அது அட்டவணையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எந்த ஜேபெக் படமும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். டிரைவ் முழுக்க அந்தத் தொடக்கத்தைத் தேடித் தேடிப் படங்களை எடுத்துத் தரும். பெயரும் வரிசையும் போய்விடும், எல்லாம் எண்களாக வந்து விழும். மீட்டதைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். அதே பென் டிரைவில் சேமித்தால், மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடுவோம்.

தென்காசி வாசகிக்கு, இன்ஜினியரிங் படிக்கும் அவருடைய அண்ணன் மகன் இந்த வழியில்தான் உதவினார். காதுகுத்துப் படங்கள் அநேகமாக எல்லாமே வந்துவிட்டன. எது முதலில், எது பிறகு என்று அடுக்குவதற்குள் குடும்பமே கூடி உட்கார வேண்டியதாயிற்றாம். கும்பாபிஷேக வீடியோ மட்டும் தொடக்கத்தில் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டது. பெரிய ஃபைல்கள் பல துண்டுகளாகக் கிடக்கும்போது, ‘தொடர்ச்சி’ குறிப்பு இல்லாமல் ஒட்டுவது கஷ்டம். ஊரில் வேறு யாராவது எடுத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் விண்டோஸின் ‘செக்டிஸ்க்’. பலரும் அதைத்தான் முதலில் ஓடவிடுகிறார்கள். அதன் வேலை அட்டவணையை முரண்பாடில்லாமல் ஆக்குவது. இரண்டு ஃபைல்கள் ஒரே துண்டுக்குச் சொந்தம் கொண்டாடினாலோ, ஒரு தொடர்ச்சி எங்கேயும் போய்ச் சேராமல் நின்றாலோ, கணக்கு நேராகும்படி அது முடிவெடுத்துவிடும். உரிமையாளர் தெரியாத துண்டுகளைத் தனி ஃபோல்டரில் ‘சிஎச்கே’ ஃபைல்களாகப் போட்டுவைக்கும். ஏற்கெனவே ஓடவிட்டவர்கள் அவற்றை அழித்துவிடாதீர்கள். பெயரின் கடைசியை ஜேபிஜி என்று மாற்றினால் சில படங்களாகத் திறக்கும்.

கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். 2 டிபி பென் டிரைவ் ஐந்நூறு ரூபாய் என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். உள்ளே 32 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். அந்த 32 நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குமேல் ஏற்றியவை பெயரளவில் மட்டும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இதற்கு எந்த மீட்பும் உதவாது, ஏனென்றால் அந்தப் படங்கள் ஒருபோதும் எழுதப்படவே இல்லை. ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, ‘எஃப்3’ என்ற இலவச மென்பொருள்கள் டிரைவ் முழுவதும் எழுதிப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்.

நல்ல பென் டிரைவையும் பீரோவில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. அதில் இருப்பவை மின்னூட்டமாகத்தான் அடைபட்டிருக்கின்றன, காலப்போக்கில் கசியும். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அது, வைத்துக் காக்க அல்ல.

மலருக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்களிடம் இருக்கும் ஒரே பிரதியை அனுப்பாதீர்கள். நகலை அனுப்பி, மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் அடித்திருந்தால் கூடவே ஒரு பிடிஎஃப்பும் வையுங்கள். பென் டிரைவில் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தால் உதவி ஆசிரியர்கள் உங்களை வாழ்த்துவார்கள். சென்ற மலருக்கு வந்தவற்றில் சீட்டில்லாத சில இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கின்றன. நிறமும் உள்ளே இருக்கும் படங்களில் ஒன்றிரண்டின் அடையாளமும் எழுதிக் கேட்டால் திருப்பி அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்